ஒரு வெடிக்கு எவ்வளவு மருந்து? மன்னார்க் காடுகளில் துவக்கும் அளவும்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் வகுப்பறைகளில் "துவக்கு" என்று சொன்னால் பிள்ளைகளுக்கு நினைவு வருவது யுத்தம். பெரியவர்களுக்கும் அதுதான். ஆனால் யுத்தம் வருவதற்கு நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னரே முசலி, மாந்தை, மடுப் பக்கக் காடுகளில் துவக்கு இருந்தது. வேட்டைக்கும் பயிர்க் காவலுக்கும் வைத்திருந்த துவக்கு. கடையில் வாங்கிய தோட்டாவைச் செருகிச் சுடுகிற வசதி அதில் இல்லை. ஒவ்வொரு வெடியையும் வெடிக்காரன் தன் கையாலேயே கட்ட வேண்டும். இவ்வளவு மருந்து, இவ்வளவு ஈயம், இடையில் ஒரு தக்கை. அளவு சரியாக இருந்தால் மான் நின்ற இடத்தில் விழும். அளவு பிழைத்தால் அது காயத்தோடு ஓடிப்போய்ப் பற்றைக்குள் கிடந்து சாகும். இன்னும் மோசமாகப் பிழைத்தால் குழல் வெடித்து வெடிக்காரனின் கையே போகும்.

அந்த அளவை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான்? யார் எழுதி வைத்தார்கள்? எங்கள் கரைக்கும் அந்தக் கதைக்கும் என்ன தொடர்பு? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1. சொல் வந்த வழி

"துவக்கு" என்ற சொல்லை இந்தியாவில் உள்ள தமிழர்கள் அதிகம் பாவிப்பதில்லை. அவர்கள் "துப்பாக்கி" என்பார்கள். இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். துருக்கியர் "துஃபெக்" என்று சொன்னதே பல மொழிகள் வழியாக நடந்து வந்து எங்கள் வாயில் துவக்காக நின்றது. சிங்களத்தில் "துவக்குவ". ஆக, இந்தத் தீவில் இரண்டு மொழிக்காரரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம்.

போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வந்தார்கள். 1560 இல் மன்னார்த் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். 1658 இல் ஒல்லாந்தர், 1795 இல் ஆங்கிலேயர் என்று கோட்டை கை மாறியது. அவர்களின் துவக்கைப் பார்த்த உள்ளூர்க் கொல்லர்கள் சும்மா இருக்கவில்லை. சிங்களக் கொல்லர்கள் செய்த பழைய துவக்குகளில் தீப்பொறி எழுப்பும் பூட்டு இடது பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியத் துவக்கில் அது வலது பக்கத்தில். அடிக்கட்டை இரண்டாகப் பிளந்ததுபோல் இருக்கும். பார்த்ததை அப்படியே பிரதி எடுக்காமல், தங்கள் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றிச் செய்திருக்கிறார்கள்.

2. அளவு எங்களுக்குப் புதியதல்ல

மருந்தையும் ஈயத்தையும் அளக்கப் பாவித்த அலகுகளைப் பாருங்கள். ஆங்கில வேட்டைக்காரர்கள் மருந்தை "டிராம்" கணக்கில் போட்டார்கள். 16 டிராம் ஓர் அவுன்ஸ். ஒரு டிராம் ஏறக்குறைய 1.77 கிராம். இந்த டிராமும் ஸகாத் பாடத்தில் நாங்கள் படிக்கிற "திர்ஹம்" என்ற சொல்லும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. அதைவிடச் சிறிய அலகு "கிரெய்ன்", அதாவது தானியமணி. 7000 கிரெய்ன் சேர்ந்தால் ஓர் இறாத்தல். இன்றைக்கும் தோட்டா கட்டுகிறவர்களில் பலர் மருந்தை இந்தத் தானியமணிக் கணக்கில்தான் நிறுக்கிறார்கள், அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து.

எங்கள் தட்டார்களும் வியாபாரிகளும் குன்றிமணியிலும் மஞ்சாடியிலும் நிறுத்தார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. சிலாவத்துறை, அரிப்பு, கொண்டச்சி, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் வியாபாரிகள் முத்துகளைப் பித்தளைத் துளைப் பெட்டிகளில் சலித்துத் தரம் பிரித்தார்கள். மொத்தம் பத்துப் பெட்டி. முதல் பெட்டியில் 20 துளை, கடைசிப் பெட்டியில் 1000 துளை. எந்தப் பெட்டியில் முத்து தங்குகிறதோ அதுவே அதன் பருமன். பிறகு மஞ்சாடியில் நிறுத்து, "செவ்வு" என்ற கணக்கில் விலை போட்டார்கள்.

வெடிமருந்து ஆலையிலும் இதே வேலைதான். மருந்தைக் கட்டியாக்கி உடைத்து, வெவ்வேறு துளையுள்ள சல்லடைகளில் சலிப்பார்கள். மணி பெரிதாக இருந்தால் மெதுவாக எரியும், சிறிதாக இருந்தால் விரைவாக எரியும். பீரங்கிக்குப் பெரிய மணி, கைத்துவக்குக்குச் சிறிய மணி. மணிகள் ஒரே அளவாக இருந்தால்தான் இன்றைய வெடியும் நாளைய வெடியும் ஒன்றாக இருக்கும். சலித்துப் பிரிப்பதன் பயனை முத்து வியாபாரி நன்றாக அறிந்திருந்தான்.

3. கடலூரில் இறந்த கணக்கர்

குழலை விட்டுப் போகிற சன்னத்தின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தக்க முறையில் அளந்தவர் பெஞ்சமின் ரொபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி அளப்பது? கனமான ஒரு மரக்கட்டையை ஊசல்போல் தொங்கவிட்டார். அதன்மேல் சுட்டார். சன்னம் பதிந்ததும் கட்டை பின்னால் ஆடியது. எவ்வளவு தூரம் ஆடியது என்று பார்த்து, சன்னத்தின் வேகத்தைக் கணக்கிட்டார். எங்கள் பாடசாலை விஞ்ஞானத்தில் வரும் உந்தக் காப்பு விதிதான். 1742 இல் இதை நூலாக வெளியிட்டார். காற்று சன்னத்தைத் தடுக்கிற அளவு, அதுவரை அறிஞர்கள் நினைத்திருந்ததைவிட மிக அதிகம் என்று காட்டினார். குழலுக்குள் சுரிவரி வெட்டிய துவக்கே எதிர்காலத்தில் வெல்லும் என்றும் சொன்னார்.

அந்த மனிதர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியியலாளராகத் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து, 1751 இல் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்துபோனார். உலகத்தின் எறிபொருள் விஞ்ஞானத்துக்கு அடித்தளம் போட்டவரின் கடைசி மூச்சு தமிழ்க் கரையில் நின்றது. இதை எந்தப் பாடநூலிலும் நாங்கள் கண்டதில்லை.

4. பேக்கர் எழுதி வைத்த கணக்கு

இனி இலங்கைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் யானை வேட்டையை விளையாட்டாக எடுத்துக்கொண்ட காலம். மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒருவர் மட்டும் 1400 யானைகளுக்கு மேல் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார்.

அதே 1845 இல் இலங்கைக்கு வந்தவர் சாமுவேல் பேக்கர். பிறகு நுவரெலியாவில் குடியேறினார். பிற்காலத்தில் நைல் நதிப் பயணங்களால் உலகப் புகழ் பெற்றவர் இவரேதான். அவர் கொன்ற மிருகங்களின் எண்ணிக்கையைப் பாராட்ட எங்களுக்கு மனம் வராது. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் முக்கியமானது. தன் துவக்குகளின் நிறை, குழலின் நீளம், சன்னத்தின் நிறை, மருந்தின் அளவு எல்லாவற்றையும் எழுதி வைத்தார்.

1840 இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்ற துவக்குக்காரரிடம் தன் விருப்பப்படி ஒரு ரைபிள் செய்வித்தார். நிறை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. குழல் 36 அங்குலம். உருண்டைச் சன்னம் 3 அவுன்ஸ். மருந்து 16 டிராம், அதாவது ஓர் அவுன்ஸ். சன்னத்தின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு மருந்து! அந்தக் காலத்துப் பட்டாளத்து ரைபிளில் போட்ட மருந்து இதன் பக்கத்திலும் வராது.

ஏன் இவ்வளவு? மருந்து குறைவாக இருந்தால் சன்னம் மெதுவாகப் போகும். மெதுவாகப் போகிற சன்னம் வழியில் அதிகமாகக் கீழே விழும். தூரத்தை ஒரு பத்து யார் பிழையாகக் கணித்தாலும் குறி தப்பும். மருந்து கூடினால் சன்னம் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், தூரக் கணிப்பில் சிறு பிழை இருந்தாலும் குறி தப்பாது. ஆனால் மருந்து கூடக் கூட உதைப்பும் கூடும். உதைப்பைத் தாங்கத் துவக்கு கனமாக இருக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றும் மாறும் என்பதைப் பேக்கர் விளங்கி வைத்திருந்தார்.

1850களின் ஆரம்பத்தில் இலங்கை வேட்டையைப் பற்றி எழுதிய நூலில் தன் ஆயுத வரிசையையும் கொடுத்திருக்கிறார். 4 அவுன்ஸ் ரைபிள் ஒன்று, 16 இறாத்தல் நிறையுள்ள 2 அவுன்ஸ் ரைபிள் ஒன்று, 15 இறாத்தல் நிறையுள்ள பத்தாம் இலக்க இரட்டைக்குழல் ரைபிள் நான்கு. "பத்தாம் இலக்கம்" என்றால் என்ன? ஓர் இறாத்தல் ஈயத்தில் அந்தக் குழலுக்கு அளவான உருண்டை பத்துச் செய்யலாம் என்று பொருள். பன்னிரண்டு செய்தால் பன்னிரண்டாம் இலக்கம். இன்று எங்கள் பக்கத்தில் "பன்னிரண்டு போர்" என்று சொல்கிறோமே, அது இந்தக் கணக்குத்தான். இலக்கம் கூடக் குழல் சிறுக்கும்.

1855 இல் வெளியான அவருடைய இன்னொரு நூலில் முத்துக்குளிப்புப் பற்றியும் எங்கள் கரையின் வெறுமை பற்றியும் எழுதுகிறார். அவர் கண்ணுக்கு அது பாழடைந்த கரை. அங்கே வாழ்ந்த எங்கள் மூதாதையருக்கு அது வீடு.

5. கயிற்றால் பிடித்தவர்களும் துவக்கால் கொன்றவர்களும்

இதே காலத்தைப் பற்றி எமர்சன் டெனன்ட் 1859 இல் எழுதிய பெரிய நூலில் இரண்டு செய்திகள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஒன்று பணிக்கர்களைப் பற்றியது. இலங்கையின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்த இவர்கள் தலைமுறை தலைமுறையாக யானை பிடித்தவர்கள். கையில் துவக்கு இல்லை. தோலில் முறுக்கிய கயிறு மட்டும். யானையின் பின்னால் சத்தமில்லாமல் போய்க் காலில் சுருக்குப் போட்டு மரத்தில் கட்டிவிடுவார்கள். பிடித்த யானைகள் தென்னிந்திய அரசர்களுக்குப் போயின. யானை உயிரோடு இருந்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு.

இரண்டாவது செய்தி அரசாங்கம் கொடுத்த சன்மானம். பயிரை அழிக்கிறது என்று சொல்லி, கொன்ற யானை ஒன்றுக்குச் சில ஷில்லிங் கொடுத்தார்கள். 1848 க்கு முந்திய மூன்று வருடங்களுக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 க்கு மேற்பட்ட யானைகள் இப்படி அழிக்கப்பட்டன. பணத்துக்காகச் சுட்டவர்களில் பெரும்பாலானோர் கையில் கிப்ஸ் செய்த ரைபிள் இருந்திருக்காது. சாதாரணத் துவக்கும் கைக்கு வந்த மருந்தும்தான் இருந்திருக்கும். அப்படியென்றால் காயப்பட்டு ஓடிக் காட்டுக்குள் செத்தவை எத்தனை? அவை எந்தக் கணக்கிலும் வராது. சன்மானம் வாலுக்குத்தான், வேதனைக்கு அல்ல.

6. இடியன் துவக்கு

எங்கள் ஊர் வெடிக்காரர்களின் துவக்கு "இடியன்". வாய்ப்பக்கமாக மருந்தைக் கொட்டிக் கம்பியால் இடித்துக் கட்டுவதால் அந்தப் பெயர். மாட்டுக் கொம்பிலோ சுரைக்குடுவையிலோ மருந்து. அளக்க ஒரு சிறிய மூங்கில் குழாய் அல்லது வெற்றுத் தோட்டாக் கோது. மருந்துக்கு மேல் தும்புத் தக்கை. அதன் மேல் சன்னம். பிறகு இன்னொரு தக்கை. கடைசியில் முலையில் கெப்பு. அந்தக் கெப்புக்கும் ஒரு வேட்டைக் கதை உண்டு. தீக்கல் பொறியைக் கண்டு பறவைகள் பறந்துவிடுகின்றன என்று வெறுத்துப்போன ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தவுடன் தீப்பிடிக்கும் மருந்தைக் கொண்டு புதிய முறை ஒன்றைக் கண்டு 1807 இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததே கெப்பு.

இந்தத் துவக்கில் குறி தப்பக் காரணங்கள் பல. எங்கள் கரையில் முதல் எதிரி ஈரம். கரிமருந்தில் உள்ள கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வெடியுப்புச் சுத்தமில்லை என்றால் இன்னும் அதிகமாக இழுக்கும். வாடைக் காலத்தில் கட்டிய வெடியும் சோளகத்தில் கட்டிய வெடியும் ஒன்றாக இருக்காது. இரண்டாவது எதிரி கசடு. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் சாம்பலும் உப்புமாக மாறும், அதில் ஒரு பகுதி குழலிலேயே தங்கிவிடும். இரண்டாம், மூன்றாம் வெடிக்குக் குழல் சிறுத்துப்போகும். கழுவாமல் வைத்தால் கடற்காற்றோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். மூன்றாவது எதிரி இடிக்கும் கை. ஒருநாள் அழுத்தமாகவும் மறுநாள் இலேசாகவும் இடித்தால் மருந்து எரிகிற விதமே மாறும். நான்காவது மறதி. கட்டியிருக்கும் வெடியை மறந்து மேலே இன்னொன்று கட்டினால் அது வேட்டையோடு முடியாது.

நல்ல வெடிக்காரன் என்று பெயர் எடுத்தவர்களின் இரகசியம் கூரிய கண் மட்டும் இல்லை. ஒரே அளவுக் குழாய், ஒரே தும்பு, ஒரே அழுத்தம், வெடிக்கு வெடி குழலைத் துடைப்பது. அவர்கள் இதைக் கையால் அறிந்திருந்தார்கள். எழுதி வைக்கவில்லை. பேக்கரின் 16 டிராம் இன்றும் நூலில் இருக்கிறது. எங்கள் மூங்கில் குழாயின் அளவு அதை வைத்திருந்தவரோடு மையவாடிக்குப் போய்விட்டது.

7. கத்தி எட்டுகிற தூரம்

முஸ்லிம் வெடிக்காரனுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையைப் பற்றிக் கேட்டபோது, கூர் பாய்ந்து இறந்ததை உண்ணலாம், தட்டையாக அடிபட்டு இறந்ததை உண்ணலாகாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். துவக்கு வந்த பிறகு உலமாக்களிடையே கேள்வி எழுந்தது. ஈயச் சன்னம் கூரைப்போல் பாய்கிறதா, அடியைப்போல் நசுக்குகிறதா? கருத்து வேறுபாடு இருந்தது. ஆகவே பேணுதலான வழி, உயிர் இருக்கும்போதே ஓடிப்போய் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துவிடுவது.

இதனால் அளவின் பெறுமதி இன்னும் கூடியது. காயத்தோடு அரைக் கட்டை ஓடிய மரை, கத்தி போய்ச் சேருமுன் செத்திருக்கும். இறைச்சியும் போச்சு, ஓர் உயிரும் வீணாகப் போச்சு. நின்ற இடத்தில் விழுத்துவதே வெடிக்காரனின் கடமை. அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணியை வதைக்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது. துவக்கில் அந்தத் தீட்டல், மருந்தை அளப்பதில் இருந்தது.

8. தோட்டா வந்த பிறகு

1860களில் பித்தளைத் தோட்டா பரவியது. கெப்பு, மருந்து, சன்னம் எல்லாம் ஒரே கோதுக்குள். இதில் இரண்டு வகைக் கெப்பு. ஆங்கிலேயரான பொக்ஸர் செய்ததில் நடுவில் ஒரே ஓட்டை. அமெரிக்கரான பெர்டன் செய்ததில் இரண்டு சிறு ஓட்டை. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கர்கள் ஆங்கிலேயருடையதை எடுத்துக்கொண்டார்கள், ஐரோப்பியர்கள் அமெரிக்கருடையதை எடுத்துக்கொண்டார்கள். ஒற்றை ஓட்டைக் கோதில் பழைய கெப்பை ஊசியால் தள்ளிவிட்டுப் புதியதை வைப்பது சுலபம். அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா கட்டும் பழக்கம் பெரிதாக வளர்ந்ததற்கு இந்தச் சிறு ஓட்டையும் ஒரு காரணம்.

அங்குள்ள வேட்டைக்காரர்கள் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். ஒரே தொழிற்சாலைக் கோது, ஒரே சன்னம், ஒரே கெப்பு. தயாரிப்பாளர் அச்சிட்ட வரம்புக்குள், மிகக் குறைந்த மருந்தில் தொடங்குவார்கள். சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் மூன்று அல்லது ஐந்து வெடி வைத்து, துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்ப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரேயொரு விடயத்தைத்தான் மாற்றுவார்கள். வெடிக்கும்போது குழல் அதிர்கிறது. ஒவ்வொரு சன்னமும் ஒரே வேகத்தில் வெளியேறினால், அதிர்வின் ஒரே கட்டத்தில் வெளியேறும். வேகம் மாறினால் துளைகள் சிதறும். பிராங்ளின் மான் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்காகவே நீண்ட காலம் ஆயிரக்கணக்கான வெடி வைத்துப் பார்த்து, 1909 இல் நூலாக எழுதினார். பரிசோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

புகையில்லா மருந்து 1884 இல் பிரான்சில் வந்தது. 1889 இல் ஆங்கிலேயரின் கோர்டைட். நீலகிரியில் உள்ள அரவங்காட்டில் 1903 இல் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை நிறுவினார்கள். குளிர்நாட்டில் சரியாக இருந்த கோர்டைட் தோட்டா எங்கள் போன்ற வெப்பநாட்டு வெயிலில் கிடந்தால் அழுத்தம் ஏறும். சுட்ட கோது குழலில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். யானையின் முன் நிற்பவனுக்கு அது மரணம். அதற்காகப் பெரிய கோதில் குறைந்த அழுத்தம் தரும் தோட்டாக்களை இங்கிலாந்துத் துவக்குக்காரர்கள் வடிவமைத்தார்கள். மன்னார் வெயிலும் ஏதோ ஒரு வகையில் இலண்டன் பட்டறைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறது.

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள டம்டம் ஆயுதசாலையில் 1890களில் நுனி விரியும் சன்னம் செய்தார்கள். உடம்பில் பட்டதும் பூப்போல் விரியும். 1899 ஹேக் மாநாட்டில் போரில் அது தடை செய்யப்பட்டது. ஆனால் வேட்டையில் அதுவே இரக்கமான சன்னம் என்று கருதப்படுகிறது. மிருகம் விரைவாக விழும், நீண்ட நேரம் வதைபடாது. ஒரே பொருள், பாவிக்கும் இடத்தைப் பொறுத்துக் குற்றமாகவும் கருணையாகவும் நிற்கிறது.

எங்கள் கிராமத்தாருக்கு ரைபிள் பெரிதாகக் கிடைக்கவில்லை. அனுமதிப்பத்திரத்தோடு வந்தது சொட்கன்தான். எஸ்.ஜி. என்றால் ஓர் அவுன்ஸுக்கு எட்டுச் சன்னம், எல்.ஜி. என்றால் ஆறு. இவை இன்றும் வயல்காரர் வாயில் இருக்கின்றன.

9. சட்டமும் யுத்தமும்

அளவில்லாமல் சுட்டதன் விளைவை முதலில் உணர்ந்தவர்களும் வேட்டைக்காரர்கள்தான். 1894 இல் அவர்களில் சிலர் சேர்ந்து வேட்டைப் பிராணிகள் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். 1916 இல் சுடுகலன் கட்டளைச் சட்டம். 1937 இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 1938 இல் எங்கள் தெற்கு எல்லையில் வில்பத்து தேசியப் பூங்காவானது. 1956 இல் வெடிபொருள் சட்டம். மருந்து செய்வதும் வைத்திருப்பதும் அனுமதியில்லாமல் குற்றம்.

பிறகு யுத்தம் வந்தது. பயிர்க் காவல் துவக்குகள் ஊர்களை விட்டுப் போயின. 1990 ஒக்டோபர் இறுதியில் ஊர்களை விட்டு நாங்களே வெளியேற்றப்பட்டோம். எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்று ஊர் ஊராகப் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போனோம். கையில் எடுத்தது உடுத்த உடுப்பும் பிள்ளைகளும். கொம்புக் குடுவையையும் சன்ன அச்சையும் யார் எடுப்பார்? இருபது வருடம் கழித்துத் திரும்பியபோது வயல்கள் காடாகியிருந்தன. காடு அறிந்த முதியவர்களில் பலர் அகதி முகாமிலேயே மௌத்தாகியிருந்தார்கள்.

10. இன்று

இன்று காட்டோரம் பயிர் செய்கிறவனுக்குப் பன்றியும் யானையும் உண்மையான பிரச்சினை. அதை மறுக்க முடியாது. ஆனால் நாட்டின் பல இடங்களில் அதற்குக் கண்டிருக்கும் வழியைப் பாருங்கள். கட்டுத்துவக்கு. கம்பியில் எது இடறினாலும் வெடிக்கும். பன்றி, மாடு, விறகுக்குப் போன பெண் என்று அதற்குப் பேதம் தெரியாது. ஹக்க பட்டாஸ். தீனிக்குள் வைத்த வெடி. பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடிக்கும். வாய் கிழிந்து, தின்ன முடியாமல், நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். இலங்கையில் யானைகள் இறக்கும் முக்கிய காரணங்களில் ஒன்றாக இது வளர்ந்திருக்கிறது.

பழைய வெடிக்காரன் உயிரைக் கொன்றவன்தான். ஆனால் எதைச் சுடுகிறோம் என்று பார்த்து, எவ்வளவு மருந்து என்று அளந்து, அதன் பக்கத்தில் போய் நின்று கத்தி வைத்தவன். தான் செய்ததைத் தன் கண்ணால் பார்த்தவன். கட்டுத்துவக்கையும் பட்டாஸையும் வைப்பவன் அந்த இடத்தில் இருப்பதே இல்லை. துவக்கின் வரலாற்றில் நாங்கள் இழந்த பெரிய பொருள் அந்தப் பொறுப்புத்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

உறவுகளே, இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, உங்கள் வீட்டுப் பரணில் பழைய சன்ன அச்சு, கொம்புக் குடுவை, அனுமதிப் புத்தகம் ஏதும் இருந்தால் படம் எடுத்துப் பதியுங்கள். மூத்தாப்பாமார் யாராவது இந்த விடயம் தெரிந்தவர்கள் ஹயாத்தோடு இருந்தால் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எந்த மரத்துக் கரி, எந்தத் தும்பு, எந்த ஊர்க் கம்மாலை, எந்தக் குளக்கட்டில் காவல் என்று கேளுங்கள். கட்டுக்கரைக் குளத்திலிருந்து மரிச்சுக்கட்டி வரை ஒரு காட்டின் வரலாறு அதற்குள் இருக்கிறது. எழுதத்தான் சொல்கிறோம், செய்து பார்க்கச் சொல்லவில்லை. பழைய மருந்தோ பழைய துவக்கோ கண்டால் தொடாமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

இரண்டாவது, உங்கள் ஊரில் எவராவது கட்டுத்துவக்கோ பட்டாஸோ வைப்பது தெரிந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். பள்ளிவாசலில் பேசுங்கள். பயிருக்கு நட்டஈடும் யானை வேலியும் கேட்டு நாங்கள் எல்லோரும் சேர்ந்து பிரதேச செயலகத்துக்குப் போவோம். அந்த மனுவில் எத்தனை ஏக்கர், எத்தனை தடவை, எந்தத் திகதி என்று அளந்து, எழுதிக் கொடுப்போம். எழுதி வைத்த கணக்குத்தான் நிற்கும்.

அல்லாஹ் எங்கள் ஊர்களையும், எங்களோடு இந்த மண்ணைப் பகிர்ந்துகொண்ட வாயில்லா ஜீவன்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.